ரொட்டி வெட்டுவதற்கு முன்

ரதோமிர் குடிகாரன் அல்ல. இது எனக்குத் தெரியும், எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் என் வீட்டில், என் பண்டிகை நாளில், அவனைக் குடிகாரன் என்று தீர்மானித்துப் படுக்க வைத்தவள் நான்தான். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

அவன் கூரைக்காரன். இவான்யிட்சா ஊருக்கு மேலே மலையில் இருக்கிற எங்கள் ஏழெட்டுக் கிராமங்களில் பாதி வீட்டு ஓடு அவன் கை பட்டது. அதிகம் பேசமாட்டான். கூரைமேல் ஏறிவிட்டால் விசில் அடிப்பான், இறங்கினால் அதுவும் கிடையாது. அவனுக்கும் லுபிங்காவுக்கும் கல்யாணம் நடந்தபோது சாட்சியாகப் பக்கத்தில் நின்றவள் நான். அதனால் அந்த வீட்டுக்கு நான் குமா. குமா என்றால் எங்களிடம் கூடப்பிறந்தவளுக்கும் ஒரு படி மேல். குமாவோடு சண்டை போடக்கூடாது, குமாவிடம் பொய் சொல்லக்கூடாது. அவன் இரண்டு வருஷம் என்னிடம் பொய் சொன்னான்.

அது தொடங்கியது நான் சமைக்கிற பள்ளிக்கூடத்தில்தான். செப்டம்பர் மாதம், பள்ளிக் கூரைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் ஏழு தடவை ஏணியில் இறங்கி என் சமையலறைக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தான். ஏழு தடவை என்று எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொரு தடவையும் நான் துடைத்த தரையில் சேற்றுச் செருப்போடு நடந்தான்.

"ரதோ, உனக்குள்ள எங்கயாவது ஓட்டை இருக்கா? பள்ளிக்கூடத்தை விடு, முதல்ல உனக்கு ஓடு போடணும்" என்றேன்.

"வெயில், குமா" என்றான்.

அன்றைக்கு வெயிலே இல்லை. எனக்கு அது உறைக்கவில்லை. நூற்றைம்பது குழந்தைகளுக்கு பீன்ஸ் வேகிற நேரத்தில் வானத்தை யார் பார்த்தார்கள்?

பார்த்தவள் லுபிங்கா. இதையெல்லாம் பிறகுதான் அவள் என்னிடம் சொன்னாள். ஒரே மாதத்தில் அவனுடைய பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக மூன்று துளை போட வேண்டியிருந்தது. படுத்தால் நாலு தடவை எழுந்து வெளியே போனான். வேறு யாராவது பெண் இருக்கிறாளோ என்றுகூட அவளுக்கு ஒரு நாள் தோன்றியிருக்கிறது. அப்புறம் அவன் வேலைச் செருப்பைக் கழுவ எடுத்தபோது முன்பக்கத் தோலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சுண்ணாம்பு என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். பிசுபிசுவென்று ஒட்டியது. நின்றுகொண்டே சிறுநீர் கழித்தபோது தெறித்துக் காய்ந்தது அது. சர்க்கரை. இது சர்க்கரை நோய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, ஆனால் இது சரியில்லை என்பது தெரிந்தது. மறுநாள் காலை அவனை பஸ்ஸில் ஏற்றிக் கீழே சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனாள்.

அங்கே டாக்டரம்மா அவன் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். கருவியில், எங்கள் நாட்டு அளவில், இருபத்தேழு என்று வந்தது.

"எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டானாம்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஆறுக்குள்ள."

"உங்க மெஷின் கெட்டுப்போச்சு, டாக்டர்."

அவர் இன்னொரு விரலில் குத்தினார். இருபத்தெட்டு.

"பாத்தீங்களா? ஒரு தடவை ஒண்ணு காட்டுது, மறு தடவை இன்னொண்ணு காட்டுது" என்றான் இந்த மகாபுத்திசாலி. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவன் வாயருகே குனிந்து மூச்சில் அழுகிய பழ வாசனையை முகர்ந்துவிட்டு, நேராக ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். முப்பத்தாறு வயதில் அவனுடைய உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டிருந்தது. மாத்திரைக்குக் கட்டுப்படுகிற சர்க்கரை இல்லை, சாகிறவரை ஊசி.

பதினோரு நாள் மாவட்ட மருத்துவமனையில் கிடந்தான். ஊருக்குள் அவன் பரப்பிய கதை வேறு. கடலோரம் ஒரு ஹோட்டலுக்குக் கூரை போடப் போயிருந்தானாம். திரும்பி வந்து எனக்கு ஒரு பொட்டலம் உலர்ந்த அத்திப்பழம் கொடுத்தான்.

"கடலுக்குப் போனவன் இப்படி வெளுத்துப் போயா வருவான்?" என்று கேட்டேன்.

"மழை, குமா."

அத்திப்பழம் கீழே சந்தையில் வாங்கியது. நான் அதை ருசித்துச் சாப்பிட்டேன், நன்றி வேறு சொன்னேன்.

ஏன் மறைத்தான்? எங்கள் ஆண்களைத் தெரிந்தவர்களுக்கு இது கேள்வியே இல்லை. கூரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டால் அவன் வீரன். குடித்துவிட்டு விழுந்தால் இன்னும் நல்லது, இருபது வருஷம் சொல்லிச் சிரிப்பார்கள். நோய் என்றால் மட்டும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். "பாவம்" என்பார்கள். பாவப்பட்டவனை யார் கூரையில் ஏற்றுவார்கள்? அவனுக்கு ஏணியை விட்டால் வேறு பிழைப்பும் தெரியாது. அதனால் லுபிங்காவிடம் யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினான். அதுவும் சும்மா சத்தியம் இல்லை. மூன்று வயது மகள் நெவேனாவைத் தூக்கி அவள் மடியில் உட்கார வைத்து, குழந்தையின் தலைமேல் கையை வைக்கச் சொன்னான்.

எங்கள் ஊரில் நிலத்துக்காகப் பொய்ச் சாட்சி சொன்னவர்கள் உண்டு. பிள்ளை தலைமேல் அடித்த சத்தியத்தை மீறியவர்கள் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. மீறினால் அது பிள்ளைமேல் விடியும் என்பார்கள்.

அந்த இரண்டு வருஷமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். ஒரு நாளைக்கு நாலு ஊசி, ஆறு தடவை விரல் குத்தல். வீட்டில் கழிப்பறைக்குள், வேலையிடத்தில் புகைபோக்கிக்குப் பின்னால். சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டு, விசிலடித்துக்கொண்டே மறுபடி ஓட்டைக் கையில் எடுப்பானாம். சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ள வேலைக் கோட்டுப் பையில் எப்போதும் சர்க்கரைக் கட்டி இருக்கும். அடுப்பங்கரை அலமாரியில் லுபிங்கா ஓர் ஆரஞ்சு நிறப் பெட்டி வைத்திருந்தாள். அவன் நினைவிழந்தால் தொடையில் போட வேண்டிய ஊசி அது. அதை எப்படிக் கலப்பது, எப்படிக் குத்துவது என்று ஒரு ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்திப் பழகியிருந்தாள். இதில் ஒன்றுகூட, அடிக்கடி அந்த வீட்டுக்குப் போய்வந்த எனக்குத் தெரியாது.

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள், எங்கள் வீட்டுப் புனிதரின் நாள். அன்றைக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, வரவேண்டியவர்கள் வருவார்கள். மேசை நடுவில் பண்டிகை ரொட்டி. பக்கத்தில் ஜிட்டோ, அதாவது வேகவைத்து அரைத்த கோதுமையில் சர்க்கரையும் அக்ரூட்டும் போட்டுப் பிசைந்து குவித்தது. பாதிரியார் வந்து ஓதி ரொட்டியை வெட்டுகிறவரை அந்த மேசையில் ஒரு பருக்கையைக்கூடத் தொடக்கூடாது. மதியம் ஒரு மணிக்கு வருவார், வெட்டுவார், உடனே சாப்பாடு. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான்.

ரதோமிர் அதை நம்பி வந்தான். நெவேனாவுக்குக் காய்ச்சல் என்று லுபிங்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஒரு மணிக்குச் சாப்பாடு என்று கணக்குப் போட்டு, சாப்பாட்டுக்கு முந்தைய ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொண்டு, நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு கால்மணி நேரம் பனியில் மேலேறி வந்தான். சர்க்கரைக் கட்டி வேலைக் கோட்டில் தங்கிவிட்டது.

அந்த வருஷம் பாதிரியாரின் கார் பாலத்துக்கு அந்தப் பக்கம் பனியில் சிக்கிக்கொண்டது. ஒரு மணி, ஒன்றரை, இரண்டு. பதினான்கு விருந்தாளிகள் மீன் வாசனையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு கொடுக்க முடியாது, ஆனால் பிளம் சாராயம் கொடுக்கத் தடையில்லை. என் வீட்டுக்காரர் பிளாகோயே ஊற்றிக்கொண்டே இருந்தார். ரதோமிர் ஒன்று குடித்தான். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று இன்னொன்றும் குடித்தான். வெறும் வயிறு, உள்ளே ஊசி மருந்து, அதன்மேல் சாராயம்.

முதலில் அவனுக்கு வியர்த்தது. ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டேன். அப்புறம் எங்கள் ஊர்ப் பெரியவர் விதோயே பெரியப்பா வசந்த காலத்தில் தன் வீட்டுக்குப் போடப்போகும் புதுக் கூரையைப் பற்றி ஏதோ கேட்டார்.

"வாயை மூடு, கிழவா. உன் கூரையும் நீயும்" என்றான் ரதோமிர்.

எழுபது வயது மனிதரிடம் இப்படிப் பேசியது, வாயில் நாக்கு இருக்கிறதா என்று நாங்கள் கேலி செய்கிற ரதோமிர்! அடுத்து அவன் செய்ததுதான் யாராலும் நம்ப முடியாதது. கையை நீட்டி, இன்னும் ஓதப்படாத ஜிட்டோவில் ஐந்து விரலையும் விட்டான்.

நான் அவன் புறங்கையில் ஓங்கி அடித்தேன். கையிலிருந்த கோதுமை மேசைத்துணியில் கொட்டியது. "வெட்கமா இல்ல? புனிதருக்கு முன்னாடியே!" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான். என்னை யாரென்றே தெரியாத பார்வை. அவன் புத்தி மங்கிவிட்டிருந்தது, உடம்புதான் சர்க்கரையைத் தேடிப் போனது. அந்தக் கையை நான் அடித்துத் தள்ளினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் உள்ளங்கை கூசுகிறது.

"தூக்கிட்டுப் போய்ப் படுக்க வைங்கடா. ரெண்டு கிளாஸுக்கே இப்படியா" என்றார் பிளாகோயே. இரண்டு பேர் சிரித்தபடி தூக்கிப்போய் உள் அறையில் கிடத்தினார்கள். நான் போர்வையைப் போர்த்தி, தெளிந்ததும் குடிக்கட்டும் என்று தலைமாட்டில் புளித்த முட்டைக்கோஸ் தண்ணீர் ஒரு குவளை வைத்தேன். நல்ல வீட்டுக்காரியாக எல்லாம் முறைப்படி செய்தேன். அந்தத் தண்ணீரில் உப்பும் புளிப்பும்தான் உண்டு.

மூன்று மணி தாண்டி லுபிங்கா போன் பண்ணினாள்.

"குமா, ரதோ சாப்பிட்டானா?"

"எங்க சாப்பிட? பாதிரியார் இன்னும் வரல. உன் வீட்டுக்காரன் நல்லாக் குடிச்சிட்டுக் குறட்டை விடறான். விதோயே பெரியப்பாவை என்ன பேசினான் தெரியுமா?"

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அந்தப் பக்கம் நெவேனா இருமுகிற சத்தம் கேட்டது. நான் "ஹலோ, ஹலோ" என்றேன். அதன் பிறகு லுபிங்கா, வேறு யாருடைய குரலிலோ பேசுவதுபோல, நிதானமாகச் சொன்னாள்:

"குமா, அவனுக்குச் சர்க்கரை. இன்சுலின் போட்டுட்டு வந்திருக்கான். அவன் குடிச்சுப் படுக்கல, செத்துக்கிட்டிருக்கான். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. நான் வர்றேன்."

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி பிளாகோயேவிடம் கத்திவிட்டு உள்ளே ஓடினேன். தலையணை நனைந்திருந்தது. தாடை இறுகி, கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. கன்னத்தில் தட்டினேன், உலுக்கினேன், ரதோ ரதோ என்று கத்தினேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சு இருக்கிறதா இருக்கிறதா என்று கையை மூக்கருகே வைத்துப் பார்த்தபடி இருந்தேன். விருந்தாளிகள் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கால்மணி நேர ஏற்றத்தை அவள் எத்தனை நிமிஷத்தில் ஓடிவந்தாள் என்று எனக்குத் தெரியாது. எல்லாரையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள், ஆரஞ்சுப் பெட்டியைத் திறந்தாள், மருந்தைக் கலந்தாள், அவன் நல்ல கால்சட்டைக்கு மேலேயே தொடையில் குத்தினாள்.

பத்து நிமிஷம். அவன் கண்ணைத் திறந்து, "ரொட்டி வெட்டியாச்சா?" என்று கேட்டான்.

அதே நேரம் வாசலில் பாதிரியார், முழங்கால்வரை பனியோடு. நான் அவரைத் தாண்டிப்போய் ஜிட்டோ கிண்ணத்தைத் தூக்கிவந்தேன். ஓதவில்லை, வெட்டவில்லை. அவர் முன்னாலேயே கரண்டியால் அள்ளி ரதோமிர் வாயில் ஊட்டினேன். பாதிரியார் நடந்ததை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்.

"ஊட்டும்மா, ஊட்டு. நிக்கோலா இவ்வளவு நேரம் காத்திருந்தாரு, இன்னும் கொஞ்சம் இருப்பாரு" என்றார். நான் அழுதுகொண்டே ஊட்டினேன்.

அவன் பிழைத்தான். பின்னாலேயே வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் பார்த்துவிட்டு, ஒரு நாள் மருத்துவமனையில் வைத்து அனுப்பினார்கள். கதை மறுநாளே ஏழு கிராமமும் சுற்றியது. அவன் பயந்ததுபோல் கூரை வேலை போகவில்லை. விதோயே பெரியப்பா கடைத்தெருவில் நின்று உரக்கச் சொன்னார்: "நாப்பது வருஷமா குடிகாரங்களைத்தான் என் கூரையில ஏத்தினேன். ஒரு சர்க்கரைக்காரனை ஏத்தமாட்டேனா? இவனாவது சொன்னா இறங்கிச் சாப்பிடுவான்."

ஆனால் ரதோமிர் பெண்டாட்டியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது, பேச்சில்லை. "உப்பு எடு" என்பதைக்கூடக் குழந்தையிடம் சொல்லி அனுப்பினான். விஷயம் காதில் விழுந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குமாவோடு சண்டை போடக்கூடாது என்றேனே, குமா சண்டை போடலாம். அவன் பேச்சை நிறுத்திய இருபத்துமூன்றாம் நாள் நேராக அவர்கள் சமையலறைக்குப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"உசிரக் காப்பாத்தினவகிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?"

"என் பிள்ளை தலைமேல அடிச்ச சத்தியம், குமா. அவ மீறிட்டா."

"வாங்கினவன் யாரு? நீதானே? பிள்ளை தலையை எடுத்து உன் வெட்கத்துக்கு மூடியா வச்சது நீ!"

அவன் பார்வை என்மேல் இல்லை. திரும்பிப் பார்த்தேன். நெவேனா ஸ்டூலில் ஏறி, வாளியில் சொம்பை முக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு இறங்கினாள், ஒரு நிமிஷம் விளையாடினாள், மறுபடி ஏறினாள். அடுப்பருகே லுபிங்காவும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"நேத்துலேருந்து" என்றாள் லுபிங்கா. உதடு வெளுத்திருந்தது. இரண்டு பேரும் நேற்றிலிருந்து ஒரே பயத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு, வாயைத் திறந்தால் உண்மையாகிவிடும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கும் அதே பயம். பிள்ளைமேல் விடியும் என்று சொல்லிக்கொடுத்து வளர்க்கப்பட்டவள்தானே நானும்.

"கருவியை எடு, ரதோ."

"என்னால முடியாது, குமா."

"ஒரு நாளைக்கு ஆறு தடவை குத்திக்கிறே."

"அது என் விரல்."

கடைசியில் நெவேனாவே அவன் மடியில் ஏறி விரலை நீட்டினாள். அப்பா செய்வதையெல்லாம் தானும் செய்ய வேண்டும் அவளுக்கு. லுபிங்கா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் குத்தினான். சின்னச் சொட்டு. கருவி ஐந்திலிருந்து ஒன்றுவரை பின்னோக்கி எண்ணியது.

ஐந்து புள்ளி இரண்டு.

"நல்லாப் பாரு, குமா. நல்லாப் பாரு" என்றான் ரதோமிர், கருவியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு. நான் பார்த்தேன். ஐந்து புள்ளி இரண்டுதான்.

"என்னடி தின்னே நீ?" என்று குழந்தையைக் கேட்டேன். அவள் அலமாரியைக் காட்டினாள். கிறிஸ்துமஸுக்கு வெட்டிய பன்றியின் கொழுப்பை உப்புப் போட்டு வறுத்து வைத்திருந்த பானை, பாதி காலி. யாரும் யாரோடும் பேசாத வீட்டில், நேற்றிலிருந்து குழந்தை என்ன தின்கிறது என்று யார் பார்த்தார்கள்?

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் சிரிக்கவில்லை. ரதோமிர் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். பிறகு நிமிர்ந்து, இருபத்துமூன்று நாளில் முதல் தடவையாக, பெண்டாட்டியைப் பார்த்துப் பேசினான்.

"அன்னைக்கு மேல ஓடி வந்தியே, இவளை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

லுபிங்கா குழந்தையின் விரலில் ஒட்டியிருந்த ரத்தத்தைத் துடைத்தாள்.

"யார்கிட்டயும் இல்ல" என்றாள். "காய்ச்சலோட அழுதுக்கிட்டிருந்தா. கதவை வெளியில பூட்டிட்டு வந்தேன்."

அவன் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து லுபிங்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் எழுந்து சால்வையை எடுத்துக்கொண்டு, நெவேனாவின் கையைப் பிடித்து, பனி பார்க்கலாம் வா என்று வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.